தவளைக் காப்பகம் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்ட இரவில் பினாங்கு மலை ஓடைகளில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஈரப் பாறையில் கறுத்த சிறு தேரை ஒன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. 1870இல் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது: அன்சோனியா பினாங்கென்சிஸ். இந்தத் தீவை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது.

என் அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பிரேசிலின் செராடோ சவன்னாவில் (இடையிடையே மரங்கள் நிற்கும் பெரும் புல்வெளி அது) தவளைகளைக் காக்க எந்தெந்த இடங்களைக் காப்பகமாக்கலாம் என்பது அவளுடைய ஆய்வு. போன வாரம் பசியாறிக்கொண்டே வரைபடத்தைக் காட்டினாள். "மாமா, தவளை வகை அதிகமா இருக்கிற இடத்தைத்தானே முதல்ல எடுக்கணும்?"

யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான். ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். முதல் இடத்தில் 30 வகை, இரண்டாவதில் 28, மூன்றாவதில் 9 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்துக்குத்தான் பணம் இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் முதல் இரண்டையும் எடுப்போம். அவற்றில் 26 வகை பொதுவானவை என்றால் மொத்தம் 32தான் தேறும். மூன்றாவது இடத்தின் 9இல் 7 வகை மற்ற இரண்டிலும் இல்லாதவை. முதலாவதோடு அதைச் சேர்த்தால் குறைந்தது 37 வகை பிழைக்கும். ஓர் இடத்தில் எத்தனை இருக்கின்றன என்பதைவிட, ஏற்கெனவே எடுத்தவற்றோடு அது புதிதாக எதைச் சேர்க்கிறது என்று கேட்க வேண்டும். மலேசியா முழுக்க எண்ணி வரிசைப்படுத்தினால் சபா, சரவாக்கின் பெருங்காடுகள்தான் மேலே வரும். அந்த வரிசைப்படி காப்பகம் அமைத்தால் நம் மலைத் தேரை எந்தக் காப்பகத்திலும் இருக்காது. அதை நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது.

இந்தக் கணக்கைப் போட மார்க்ஸன் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. 2004இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுப் பூங்காவை மண்டலங்களாக மறுபடி பிரித்தபோது அது பயன்பட்டது. ஆனால் நாம் கொடுக்கும் தகவல் தப்பென்றால் விடையும் தப்பாகத்தான் வரும்.

அடுத்தது, சவன்னாவைக் காலி நிலமாகப் பார்ப்பது. செராடோ ஏறத்தாழ 2 மில்லியன் சதுர கிலோமீட்டர், மலேசியாவைப் போல் ஆறு மடங்கு. அதில் சுமார் பாதி சோயாவாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. அமேசான் காட்டில் நிலம் வைத்திருப்பவர் 80 விழுக்காட்டை அழிக்காமல் விட வேண்டும் என்கிறது பிரேசில் சட்டம். செராடோவின் பெரும்பகுதிக்கு வெறும் 20 விழுக்காடுதான். இத்தனைக்கும் அங்கே 200க்கும் மேற்பட்ட தவளை வகைகள் உண்டு. பாதியளவு வேறெங்கும் கிடையாது. ஆற்றோரக் காட்டை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்று நினைப்பதும் இதே தவறுதான். திறந்த புல்வெளியிலேயே வாழும் தவளைகள் பல. அங்கே மரம் நட்டுக் காடாக்கினால் அவற்றுக்குக் கெடுதல்தான்.

அப்புறம், குளத்தை மட்டும் வேலி போட்டு வைப்பது. செராடோவில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான். ஃபிசலேமஸ் நாட்டரெரி என்ற தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்புறத்தில் கண்களைப் போல இரண்டு கறுப்பு வட்டங்கள். எதிரி நெருங்கினால் உடம்பை உப்பிக்கொண்டு பின்புறத்தைத் தூக்கிக் காட்டும். பார்ப்பவருக்கு ஏதோ பெரிய விலங்கு முறைப்பது போல இருக்கும். நம் வீட்டுப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மரத்தவளை நுரைக்கூடு கட்டுமே, அதுபோல் இதுவும் நுரையில்தான் முட்டையிடும், ஆனால் தேங்கிய நீரில். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். குளம் ஒருவர் கையிலும் அந்த மண் சோயாக்காரர் டிராக்டருக்கடியிலும் இருந்தால் அடுத்த மழைக்குக் குளத்தில் சத்தம் இருக்காது. குளமும் சுற்றியுள்ள நிலமும் நடுவே உள்ள வழியும் ஒரே அலகாக வரைபடத்தில் ஏற வேண்டும்.

விலை குறைவு என்று செங்குத்துச் சரிவுகளையே வாங்குவதும் நடக்கிறது. டிராக்டர் ஏறாத இடம் எப்படியும் ஓரளவு தப்பிக்கும். ஆபத்து சமதளத் தவளைகளுக்குத்தான்.

கடைசியாக அவள் வரைபடத்துப் புள்ளிகளைப் பார்த்தோம். தவளை பதிவான இடங்கள் சாலைகளை ஒட்டியும் நகரங்களைச் சுற்றியும் குவிந்திருந்தன. புள்ளி இல்லாத இடத்தில் தவளை இல்லை என்று அவள் மென்பொருளுக்குச் சொல்லியிருந்தாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். "சரி மாமா, அதையெல்லாம் தனி நிறத்துல போடுறேன்," என்றாள். சாம்பல் நிறம் கொடுத்து, பக்கத்தில் எழுதிக்கொண்டாள்: முதல் மழையில், இரவில், காதால் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்.