டிவியில் குழந்தைகளுக்குப் பூட்டு: பலரும் கோட்டை விடும் இடங்கள்

வீடுகளில் ஸ்மார்ட் டிவி பொருத்திக் கொடுப்பது என் வேலை. சுவரில் மாட்டி முடித்ததுமே, "பசங்க கண்டதையும் பார்க்காம இருக்க என்ன சார் பண்ணணும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் புதிதாகப் பூட்டுப் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

பிள்ளைக்கு ப்ரொஃபைல் உண்டு, அப்பாவுக்குப் பூட்டு இல்லை

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வேளச்சேரியில் ஒரு வீடு. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு ஓடிடியில் தனியாக கிட்ஸ் ப்ரொஃபைல், அதாவது குழந்தைகளுக்கானது மட்டும் வரும் தனிப் பிரிவு, அதற்கு யானைப் படம். "எல்லாம் பக்காவா செட் பண்ணிட்டேன்" என்றார் அப்பா. ரிமோட்டை அவளிடம் கொடுத்து, "அப்பா எப்படிப் படம் போடுவார், காட்டும்மா" என்றேன். பேக் பட்டனை அழுத்தினாள், இடப்பக்கம் ஒரு தட்டு, ஓகே. அப்பாவின் ப்ரொஃபைல் திறந்துகொண்டது. முகப்பிலேயே ஒரு கொலைத் தொடரின் டிரெய்லர் தானாக ஓட ஆரம்பித்தது. "இத அன்னைக்கே பாத்தேனே" என்றாள். ராத்திரி தனியாகப் படுக்க மாட்டேன் என்று அவள் அடம்பிடித்துக்கொண்டிருந்ததை அம்மா அப்போதுதான் சொன்னார்.

பூட்டு போட வேண்டியது பெரியவர்களின் ப்ரொஃபைலுக்கு. நெட்ஃபிளிக்ஸ் என்றால் பிரவுசரில் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு பெரியவரின் ப்ரொஃபைலுக்கும் 'ப்ரொஃபைல் லாக்' போட்டு நான்கு இலக்க பின் வையுங்கள். புது ப்ரொஃபைல் உருவாக்கவும் பின் கேட்கும்படி வைக்கலாம், அதையும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை தனக்கென்று இன்னொன்றைத் திறந்துகொள்ளும். மற்ற ஓடிடிகளிலும் தேடிப் பாருங்கள். யு/ஏ 13+ (13 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டியவை) முதல் மேலே உள்ளவற்றுக்கு இப்படி ஒரு பூட்டு வசதி இருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளே சொல்கின்றன.

அப்புறம், தாத்தாவுக்கு நம்பர் போட வராது என்று அவர் ப்ரொஃபைலை மட்டும் திறந்து விடுவார்கள். பிள்ளை நேராக அங்கேதான் போய் உட்காரும். பின் வேண்டாம் என்றால், அவர் ப்ரொஃபைலின் வயது வரம்பை 7+க்குக் குறைத்து வையுங்கள்.

பிள்ளையின் முன்னால் பின் நம்பர் அடிப்பது

டிவி திரையில் ஒவ்வொரு எண்ணாக ரிமோட்டை நகர்த்தித்தான் அடிக்கிறோம். நட்சத்திரக் குறியால் எண் மறைந்தாலும், கட்டம் எங்கே நகர்கிறது என்பது சோபாவில் இருக்கும் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

பிறந்த வருடத்தையே பின் ஆக்குவது

வேண்டாம்.

செட்டாப் பாக்ஸை மறப்பது

0000, 1234 என்று பாக்ஸோடு முதலில் வந்த பின் நம்பரை அப்படியே விட்டிருந்தால், சேனல் லாக் போட்டும் பயன் இல்லை.

ஓடிடியைப் பூட்டிவிட்டு யூடியூபை விடுவது

ஓடிடியில் போட்ட பின் நம்பர் யூடியூபைத் தொடாது. பெரியவர்களுக்கான வீடியோக்களை மறைக்கும் யூடியூபின் ரெஸ்ட்ரிக்டட் மோடை மட்டும் நம்பாதீர்கள். டிவியில் அதே செட்டிங்ஸுக்குப் போய் யாரும் அணைத்துவிடலாம். பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் ப்ரொஃபைல் போட்டு வயதுப் பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்: 4 வரை, 5 முதல் 8, 9 முதல் 12. பெரியவர்களின் கணக்குக்கும், கணக்கில் நுழையாமலே பார்க்கும் கெஸ்ட் வழிக்கும் பேரன்ட் கோட் (பெற்றோர் மட்டும் அறிந்த எண்) போடுங்கள். கடைசியாக, உங்கள் போனிலிருந்து காஸ்ட் செய்தால், அதாவது போனிலிருந்தே டிவியில் ஓட விட்டால், போனில் இருக்கும் ப்ரொஃபைல்தான் டிவியில் ஓடும். அதனால் போனுக்கும் பூட்டு வேண்டும்.