பாம் கேர்ள்ஸ் தொடரை எப்பிடிப் பாக்கலாம், பாத்திட்டு எப்பிடிக் கருத்து சொல்லலாம்

பாம் கேர்ள்ஸ் எண்டது ரெண்டாம் உலக யுத்த நேரம் குண்டு ஃபக்டரியில வேலை செய்த பெண்களைப் பற்றின கனேடிய ரீவி தொடர். அதைப் பாத்த ஆக்களிட்ட எப்பிடி எண்டு கேட்டா அனேகமா ரெண்டு பதில்தான் வரும், ஒண்டு "சூப்பர், கட்டாயம் பாருங்கோ", மற்றது "யுத்தத்தைச் சாட்டி வெறும் காதல் கதை". இன்னும் பாக்காத ஒராளுக்கு ரெண்டாலயும் பிரயோசனம் இல்ல. நான் இதை மூண்டு தரம் பாத்தனான், மூண்டாந்தரம் அம்மாவோட இருந்து. அம்மா இஞ்ச ரொறன்ரோ ஸ்காபரோவில 18 வருசம் ஃபக்டரி லைன்ல நிண்டு வேலை செய்தவ, அவவோட பாத்தாப் பிறகுதான் முதல் ரெண்டு தரமும் நான் எவ்வளவத்தைக் கவனிக்காம விட்டிருக்கிறன் எண்டு விளங்கினது.

முதல்ல ஒழுங்கு. 2012 ஜனவரியில கனடாவில குளோபல் ரீவியில தொடங்கினது, முதல் சீசன் 6 எபிசோட், ரெண்டாவது 12, 2013ல நிப்பாட்டிட்டினம், ரசிகர்கள் எவ்வளவோ கேட்டும் மூண்டாவது சீசன் வரேல்ல, 2014 மார்ச்சில ஒரு ரீவி படத்தோட கதையை முடிச்சவை. இந்த வரிசையிலயே பாருங்கோ. முதல் ரெண்டு எபிசோட்டை வச்சுத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ, அதில ஆக்களை அறிமுகப்படுத்தவே நேரம் போயிடும். கடைசிப் படம் அவசரமாப் போகுது, அதை மட்டும் பாத்திட்டு தொடர் சரியில்ல எண்டு சொல்றது நியாயம் இல்ல.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். முதல் எபிசோட் பாக்கேக்க முகங்களை விட்டிட்டு கைகளையும் உடுப்பு மாத்திற இடத்தையும் பாருங்கோ. கதை நடக்கிற விக்டரி மியூனிஷன்ஸ் ஃபக்டரி கற்பனை, ஆனா அதுக்குப் பின்னால இருக்கிற இடம் உண்மை. இஞ்ச ஸ்காபரோவில, எக்ளிங்டனும் வோர்டனும் சந்திக்கிற பக்கம், தோட்டக் காணியளா இருந்த 346 ஏக்கரில 1941ல ஜீகோ எண்ட வெடிமருந்து ஃபக்டரியைக் கட்டினவை. 172 கட்டிடம். யுத்தம் முடியிற வரைக்கும் 21,000 பேருக்கு மேல அங்க வேலை செய்திருக்கினம், கனபேர் பெண்கள். உள்ள போற இடத்தில ஊத்தைப் பக்கம், துப்புரவுப் பக்கம் எண்டு ரெண்டா பிரிச்சிருந்தது. ஊத்தைப் பக்கத்தில சொந்த உடுப்பைக் கழட்டி, கொண்டை ஊசி, தோடு, மணிக்கூடு எல்லாத்தையும் வச்சிட்டு, வெள்ளை உடுப்பும் தலைத்துணியும் போட்டுத்தான் மற்றப் பக்கம் போகலாம், ஏனெண்டா இரும்பில இருந்து ஒரு சின்னப் பொறி பறந்தாலே காணும். கலியாண மோதிரத்தைக் கழட்ட மனமில்லாத ஆக்கள் அதுக்கு மேல ஒட்டுற டேப் சுத்தினவை.

இந்த மோதிரக் கதையை நான் சொன்ன உடன அம்மா ரீவியை நிப்பாட்டச் சொன்னா. அவ முதல் வேலை செய்த சாப்பாட்டு ஃபக்டரியில நகை ஒண்டும் போடக்கூடாது, சூப்பவைசர் தாலியையும் கழட்டச் சொல்ல அழுதவவாம், பிறகு கூட நிண்ட மனிசி ஒராள் டேப் எடுத்து நெஞ்சோட சேத்து ஒட்டி விட்டிருக்கிறா. இவ்வளவு வருசத்தில எனக்கு அதை அவ சொல்லவே இல்ல. அதால நான் சொல்றன், லைன்ல வேலை செய்த ஒராளோட இருந்து பாருங்கோ, அம்மாவோ மாமியோ பக்கத்து வீட்டு அன்ரியோ, பாத்துக்கொண்டிருக்கேக்கயே அவையைக் கதைக்க விடுங்கோ.

பிறகு உண்மை எது, கதைக்காக மாத்தினது எது எண்டு பிரிச்சு வைக்கோணும். தொடரில பெரிய பெரிய குண்டுகளுக்கு மருந்து ஊத்துறதைக் காட்டுவினம். ஜீகோவில செய்தது அனேகமா சின்னச் சாமான், குண்டை வெடிக்க வைக்கிற ஃபியூஸ் மாதிரியான பாகங்கள், மொத்தம் 25 கோடிக்கு மேல. செல்லுக்குள்ள மருந்து நிரப்பினது கிழக்கால இருக்கிற அஜாக்ஸ் பக்கத்தில இன்னொரு ஃபக்டரி, அந்த ஊரே அந்த ஃபக்டரியைச் சுத்தி உண்டானதுதான். அதைச் சொல்லிக் குறை பிடிக்கலாம், ஆனா அது "பிழை", "எனக்குப் பிடிக்கேல்ல" எண்டது வேற விசயம், ரெண்டையும் குழப்பாதேங்கோ.

கன பேர் சொல்ற குறை, எல்லாரும் லிப்ஸ்டிக்கோட வடிவா நிக்கினம் எண்டு. அந்த நேரத்துப் படங்களைத் தேடிப் பாருங்கோ, ரொறன்ரோவில ஜோன் இங்கிலிஸ் ஃபக்டரியில பிரென் துவக்குச் செய்த வெரோனிக்கா ஃபொஸ்டரை 1941ல எடுத்த படம் இருக்கு, சிகரெட்டும் கையுமா எவ்வளவு ஸ்டைலா இருக்கிறா. அது அரசாங்கப் பிரச்சாரத்துக்கு எடுத்த படம்தான், ஆனா வேலைக்குப் போன பெட்டையள் வடிவா வெளிக்கிட ஆசைப்படேல்ல எண்டு ஆர் சொன்னது?

தொடரில பெட்டி எண்ட பெட்டைக்கு, கூட வேலை செய்யிற கேற் எண்ட பெட்டையில வாற காதலைப் பற்றி "அந்தக் காலத்தில இதெல்லாம் எங்க" எண்டு சொல்றவைக்கும் ஒரு பதில். அந்தக் காலத்திலயும் இருந்தது, வெளியில சொல்ல ஏலாம இருந்தது, கனடாவில ஒருபால் உறவுச் சட்டத்தைத் தளர்த்தினதே 1969லதான். பெட்டியா நடிச்ச அலி லீபர்ட் அந்தப் பயத்தை முகத்தில வச்சிருக்கிற விதம்தான் எனக்கு இந்தத் தொடரிலயே பெரிய விசயம். மெக் டில்லி நடிச்ச லோர்னா எண்ட சூப்பவைசரையும் அவசரப்பட்டுத் திட்டாதேங்கோ, ரெண்டு பிள்ளையள் போர்முனையில, மனிசன் முதல் யுத்தத்தில காயப்பட்டு வீல்செயரில, அந்த மனிசி எப்பிடிச் சிரிச்சுக்கொண்டு திரியும்.

ஃபக்டரியில வேலை செய்யிற இத்தாலியப் பெடியன் மார்க்கோ வாற காட்சியள் எல்லாம் கவனமாப் பாருங்கோ. 1940 ஜூன் 10 இத்தாலி யுத்தத்துக்கு வந்த உடன கனடா அரசாங்கம் இத்தாலியக் குடும்ப ஆம்பிளையள் கிட்டத்தட்ட 600 பேரைப் பிடிச்சு முகாமில போட்டது, கனபேர் ஒன்ராறியோவில பெற்றவாவா எண்ட இடத்தில. தகப்பன் முகாமில, மகன் அதே நாட்டுக்குக் குண்டு செய்யிறான். பேரை வச்சு ஆளைச் சந்தேகிக்கிறதை எங்கட சனத்துக்கு ஒராள் வந்து விளங்கப்படுத்தத் தேவையில்ல, அம்மா அதில ஒண்டும் சொல்லாம எழும்பிப் போய் தேத்தண்ணி போட்டா.

எனக்கு இருக்கிற உண்மையான குறை வேற, அதைக் கண்டுபிடிச்சதும் அம்மாதான். ஈடித் எண்ட பிள்ளைக்காரி வேலைக்கு வந்து நிக்கிறதைப் பாத்திட்டு "இவளின்ர பிள்ளையள ஆர் பாக்கினம்?" எண்டு கேட்டா. தொடர் அதுக்குள்ள ஆழமாப் போகேல்ல. ஆனா இது அப்ப பெரிய பிரச்சினை, 1942ல மத்திய அரசாங்கம் மாகாணங்களோட ஒப்பந்தம் போட்டு யுத்தகால பிள்ளை பராமரிப்பு நிலையம் திறக்கக் காசு குடுத்தது, ஒன்ராறியோவும் கியூபெக்கும் திறந்தவை, யுத்தம் முடிஞ்ச கையோட 1946ல அந்தக் காசை நிப்பாட்டிட்டினம். ஆம்பிளையளை விடக் குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை வாங்கிப்போட்டு, பிறகு வீட்ட போங்கோ எண்ட மாதிரித்தானே. என்னை பேஸ்மென்டில இருந்த அன்ரியிட்ட விட்டிட்டுத்தான் அம்மா நைட் ஷிஃப்டுக்குப் போனவ, இந்தக் கேள்வி எனக்கு வராம அவவுக்கு வந்தது அதாலதான்.

அதால கருத்து எழுதேக்க ஒரேயொரு காட்சியை எடுங்கோ. எந்த சீசன், எந்த எபிசோட் எண்டு போடுங்கோ, முடிவைச் சொல்லப்போறீங்கள் எண்டா முதல் வரியிலயே எச்சரியுங்கோ, அந்தக் காட்சியில ஆர் என்ன செய்தினம், உங்களுக்கு ஏன் உறுத்தினது எண்டு எழுதுங்கோ, அந்த வேலையோ அந்த நிலைமையோ உங்களுக்கு நேரில தெரியும் எண்டா அதைக் கூச்சப்படாமச் சொல்லுங்கோ. நட்சத்திரம் மூண்டா நாலா எண்டது கடைசி. தமிழில எழுதுங்கோ, எங்கட அம்மாமாரும் வாசிக்கட்டும்.

போன மாசம் அம்மாவை எக்ளிங்டன் பக்கம் கூட்டிக்கொண்டு போனனான். அவ வருசக்கணக்கா பஸ்ஸில போய் வந்த றோட்டுத்தான், இப்ப கடையளும் கார் நிப்பாட்டுற இடமும். காருக்குள்ள இருந்தபடியே "உதில எந்தப் பக்கம் ஊத்தைப் பக்கம்?" எண்டு கேட்டா. தேடிப் பாத்துச் சொல்றன் எண்டு சொன்னனான்.