கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தில் வழி தவறாதிருக்க: வன்னியிலிருந்து போவோருக்கு

வவுனியாவுக்கு வடக்கே 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2011 இல் ஓமந்தைக்கும் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட, வன்னியில் ஒரு தலைமுறை கோச்சியைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தது. சிறுவயதில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பழகியிருக்க வேண்டிய நிலைய நடைமுறைகளை எம்மில் பலர் முப்பது, நாற்பது வயதில், அதுவும் நோயாளி ஒருவரையோ கடவுச்சீட்டுக் கோவையையோ கையில் வைத்துக்கொண்டு, கோட்டை நிலையத்தின் நெரிசலுக்கு நடுவே நின்றுதான் கற்றுக்கொண்டோம். இனிப் போகிறவர்களுக்கு அந்தச் சிரமம் குறையட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மாங்குளத்திலோ புளியங்குளத்திலோ புகையிரதத்துக்குக் காத்திருப்பவருக்கு எங்கே நிற்பது என்ற கேள்வியே எழுவதில்லை. வண்டி வரும், நின்ற இடத்தில் ஏறலாம். கோட்டையில் பல மேடைகள் அருகருகே கிடக்கின்றன. ஒரே மேடையில் அரைமணி நேரத்துக்குள் பாணந்துறைக்கு ஒன்றும் கண்டிக்கு ஒன்றுமாக வண்டிகள் வந்து போகக்கூடும். ஆகவே அங்கே முதலில் அறிய வேண்டியது வண்டியின் நேரத்தை அல்ல, மேடையின் இலக்கத்தை. அதற்கும் முன்னால், நிலையத்தின் எந்தப் பக்கம் எது என்பதை.

கோட்டை நிலையத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று மருதானை முனை. வடக்கு, கண்டி, மட்டக்களப்பு, புத்தளம் ஆகிய திசைகளுக்கான வண்டிகள் எல்லாம் அவ்வழியாகவே போகின்றன. மற்றையது செயலகம் என்ற சிறு நிலையத்தை நோக்கிய முனை. கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, கல்கிசை, காலி, மாத்தறை என்று கரையோரமாக ஓடும் வண்டிகள் அவ்வழியாகப் போகின்றன. ஊரிலிருந்து நீங்கள் வரும் வண்டி மருதானைப் பக்கமாகவே நுழையும். இறங்கியதும் வண்டி ஓடிக்கொண்டிருந்த திசையிலேயே முன்னோக்கி முகம் வைத்து நின்றால், முதுகுப்புறம் மருதானை, முன்புறம் செயலகம், வலக்கைப் பக்கம் பிரதான கட்டடமும் அதற்கு அப்பால் ஒல்கொட் மாவத்தையும். இந்த ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால், எந்த மேடையில் இறக்கிவிடப்பட்டாலும் திசை குழம்பாது. வானம் தெரியும் இடத்தில் நிற்பீர்களானால் இன்னோர் அடையாளமும் உண்டு: ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம் ஒல்கொட் மாவத்தைக்கு எதிர்ப்புறமாக, மருதானை முனைப் பக்கம் சாய்ந்தாற்போல் தெரியும்.

இறங்குவதற்கான ஆயத்தத்தை றாகமையிலேயே தொடங்கிவிட வேண்டும். றாகமைக்குப் பிறகு களனி கங்கைப் பாலத்தைக் கடந்து, பழைய எஞ்சின்கள் வரிசையாக நிற்கும் தெமட்டகொடையைத் தாண்டினால் மருதானை. அங்கிருந்து சில நிமிடங்களில் கோட்டை. பாலத்தைக் கண்டதும் மேல்தட்டிலுள்ள பொதிகளை இறக்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பயணச்சீட்டைச் சட்டைப் பையின் மேற்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தச் சீட்டை வெளிவாசலில் வாங்கிக்கொள்வார்கள் என்பதால், பயணம் முடிந்துவிட்டதென்று எண்ணி அதைப் பெட்டிக்குள் கசக்கி எறிந்துவிடக் கூடாது. தேசிய வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், தங்கள் வண்டி மருதானையில் நிற்குமானால், அங்கேயே இறங்குவது நல்லது. கோட்டையிலிருந்து போவதைவிட அங்கிருந்து தூரம் குறைவு.

கோட்டையில் இறங்கியதும் உடனே நடக்கத் தொடங்காதீர்கள். காலை வேளையில் அலுவலகம் போகிறவர்கள் மேம்பாலத்தை நோக்கி ஒரே அலையாகப் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் போனால் சரியான இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்று நினைப்பதுதான் புதியவர் செய்யும் முதற்பிழை. அவர்களில் பாதிப்பேர் வெளியே போகிறவர்கள், மீதிப்பேர் வேறு மேடைக்கு மாறுகிறவர்கள். தூண் ஒன்றின் ஓரமாக ஒதுங்கி நின்று, இரண்டு நிமிடம் கூட்டத்தைப் போகவிட்டு, அடுத்து நீங்கள் செய்யவேண்டியது வெளியே போவதா, வேறு வண்டி பிடிப்பதா என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள். வெளியே போய்விட்டுத் திரும்பி வருவதென்றால் புதிதாகச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மீண்டும் படியேற வேண்டிவரும். மேடைகளை இணைப்பது மேம்பாலந்தான். சிலர் தண்டவாளத்தில் குதித்து அடுத்த மேடையில் ஏறுவதைப் பார்ப்பீர்கள். மருதானைப் பக்கமிருந்து சத்தமில்லாமல் பின்னோக்கித் தள்ளப்பட்டு வரும் வெறும் பெட்டிகளைப் பற்றி அவர்கள் யோசிப்பதில்லை. முழங்கால் வலியுள்ள முதியவரோடு போகிறவர்கள் படிகளுக்கென்று பத்து நிமிடத்தைத் தனியாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

எம்மவரில் பெரும்பாலானோர் போய்த் தங்கும் இடம் வெள்ளவத்தை என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வடக்கிலிருந்து வரும் சில வண்டிகள் கல்கிசை வரை ஓடுவதுண்டு. அத்தகைய வண்டியாயின், அது வெள்ளவத்தையில் நிற்குமா என்று பெட்டியிலேயே பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் செயலக முனை நோக்கிப் போகும் கரையோர வண்டியொன்றில் மாறி ஏற வேண்டும். செயலகம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அதற்கடுத்தது வெள்ளவத்தை. காலி, மாத்தறை செல்லும் கடுகதி வண்டிகள் சிறு நிலையங்களை விட்டுவிட்டு ஓடும் என்பதால், வந்து நின்ற முதல் வண்டியில் பாய்ந்து ஏறாமல், கேட்டு ஏறுவதே பாதுகாப்பு. கொம்பனித்தெருவைக் கடந்ததும் வலப்பக்கச் சாளரத்தில் கடல் தெரியத் தொடங்கினால், சரியான வழியில் போகிறீர்கள் என்று நிம்மதியாக இருக்கலாம். வெள்ளவத்தையில் இறங்கினால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மரைன் டிரைவ். அதைக் கடந்து உள்ளே நடந்தால் காலி வீதி. வெள்ளவத்தை வரைக்கும் ஒரே சீட்டாகத் தரமுடியுமா என்று ஊரில் ஏறும்போதே கருமபீடத்தில் கேட்டுவைத்தால், கோட்டையில் ஒரு வரிசை மிச்சமாகும்.

மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. களனிவெளிப் பாதை வண்டிகள் மருதானை, நாரஹேன்பிட்டி, நுகேகொடை வழியாக மகரகமைக்குப் போகின்றன. ஆனால் அப்பாதையில் வண்டிகள் குறைவு. நேரம் பொருந்தாவிட்டால் வெளியே வந்து 138 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறுவதே மேல். பேருந்துகளைப் பொறுத்தவரை ஊர்ப் பெயரைவிட இலக்கத்தைப் பாடமாக்குவதே பயன் தரும். சிங்களம் வாசிக்கத் தெரியாதவருக்கும் இலக்கம் பொய் சொல்லாது. காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்குப் போவதற்கு 100 அல்லது 101, மகரகமைக்கு 138, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 187. பேருந்து தரிப்பிடங்கள் ஒல்கொட் மாவத்தையை ஒட்டியும் அதற்கு எதிர்ப்புறத்திலும் பரந்து கிடக்கின்றன. பெயர்தான் கோட்டை, வாசலைத் தாண்டினால் நீங்கள் நிற்பது புறக்கோட்டையில். வாசலில் முச்சக்கரவண்டிக்காரர் உங்கள் பையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார்கள். மீற்றர் உள்ள வண்டியா என்று கேளுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் பிக்மீ வழியாக அழையுங்கள். இரண்டும் இயலாவிட்டால், ஏறுமுன்பே கூலியைப் பேசி முடியுங்கள்.

இரவு வண்டியில் வந்து விடியுமுன்னே இறங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள் தனியாக வந்தால், வெளிச்சம் வரும்வரை நிலையத்துக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது. பகல் முழுவதும் அலுவல் இருந்து இரவே திரும்புவதானால் பொதியைச் சுமந்து திரியத் தேவையில்லை. பொதிகளைக் கட்டணத்துக்குப் பாதுகாத்து வைக்கும் அறை நிலையத்திலேயே உண்டு. அது எத்தனை மணிக்கு மூடப்படும் என்பதைப் பொதியைக் கொடுக்கும்போதே கேளுங்கள்.

இனித் திரும்பும் பயணம். உண்மையில் வழி தவறுவது வரும்போதல்ல, போகும்போதுதான். முன்பதிவு செய்திருந்தால் பெட்டியின் எழுத்தும் ஆசன இலக்கமும் சீட்டில் இருக்கும். தேசிய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். முன்பதிவு இல்லையென்றால், பிரதான வாசலிலுள்ள கருமபீடங்களில் எதில் வடக்குப் பாதைக்குச் சீட்டுத் தருகிறார்கள் என்பதைப் பலகையில் பார்த்த பிறகே வரிசையில் நில்லுங்கள். நீண்ட வரிசையின் முடிவில், பக்கத்துச் சாளரத்துக்குப் போகச் சொல்லி அனுப்பப்படுவது பலருக்கு நேர்ந்திருக்கிறது.

மேடை இலக்கம் பலகையில் தெரியும், ஒலிபெருக்கியிலும் சொல்லப்படும். போன தடவை ஏறிய மேடையிலேயே இந்தத் தடவையும் வண்டி வரும் என்று நம்பக் கூடாது. பலகையில் ஒன்று எழுதியிருக்க, கடைசி நேரத்தில் வேறொன்றை அறிவிப்பதும் உண்டு. சிங்கள அறிவிப்பு முதலில் வரும்போதே புரிந்துகொண்டால், கூட்டத்துக்கு முன்னால் நகரலாம். மேடைக்கு அவர்கள் சொல்வது ‘வேதிகாவ’. இலக்கங்கள் எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ, ஹய, ஹத்த, அட்ட, நவய, தஹய என்று போகும். இவற்றில் நாலுக்கான ‘ஹத்தர’வும் ஏழுக்கான ‘ஹத்த’வும் ஒலிபெருக்கியின் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். ஒருமுறை அம்மாவின் கிளினிக் முடிந்து திரும்பும்போது, நாலாம் மேடை என்று சொன்னதை நான் ஏழு என்று எடுத்துக்கொண்டு, ஒரு கையில் மருந்துப் பையும் மறுகையில் அம்மாவுமாக மேம்பாலம் ஏறி இறங்கினேன். அங்கே நின்ற வண்டியின் பலகையைப் பார்த்தால் ‘அளுத்கம’ என்றிருந்தது. பக்கத்தில் நின்ற கடலைக்காரரிடம் கேட்டபோது, அவர் சொல்லாமல் நாலு விரலைக் காட்டினார். அன்று முதல் இலக்கத்தைக் காதால் மட்டும் வாங்குவதில்லை; யாரிடமாவது விரலால் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். ‘மே கோச்சிய கொஹேத யன்னே’ என்றால், இந்த வண்டி எங்கே போகிறது என்று பொருள். கோச்சி என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாய் இருப்பதால், மிச்சத்தைத் தவறாகச் சொன்னாலும் எதைக் கேட்கிறீர்கள் என்று விளங்கிக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தை ‘யாபனய’ என்பார்கள். கிளிநொச்சிக்குப் போகிறவரும் அந்தப் பெயருக்குக் காது கொடுக்க வேண்டும், ஏனெனில் வண்டி உங்கள் ஊரோடு நிற்பதில்லை. காங்கேசன்துறை என்று அறிவிக்கப்பட்டாலும் அது உங்கள் வண்டிதான். தலைமன்னார் வண்டி மட்டும் மதவாச்சியில் பிரிந்துவிடும். மடுவுக்கும் மன்னாருக்கும் போவோர் தவிர மற்றவர்கள் அதில் ஏறக் கூடாது.

மேடைக்கு வந்த பிறகு, உங்கள் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அங்குள்ள ஊழியரிடம் கேட்டு, அந்த இடத்தில் நில்லுங்கள். நீண்ட வண்டியின் ஒரு தலைப்பில் நின்றுகொண்டு, மறுதலைப்பிலுள்ள பெட்டியைத் தேடி ஓடுவது பொதியோடு இயலாத காரியம். முன்பதிவில்லாத பெட்டிகளுக்கோ, வண்டி நிற்குமுன்பே ஆட்கள் தொற்றிக்கொள்வார்கள்; இடம் கிடைக்காமல் போனாலும் அந்த ஓட்டத்தில் சேர வேண்டாம். ஏறும் வாசலுக்கு அருகே பெட்டியின் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஊர்ப்பலகையை ஒருமுறை வாசித்துவிட்டுக் காலை வையுங்கள்.

அப்படியும் பிழையான வண்டியில் ஏறிவிட்டால், பதறி ஓடும் வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது. செயலக முனைப் பக்கம் நகர்ந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை வண்டியில் கோட்டைக்கே திரும்புங்கள். மருதானைப் பக்கம் நகர்ந்ததென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. களனிவெளி வண்டி மட்டும் மருதானையிலேயே பிரிந்துவிடும்; புத்தளம் வண்டி பிரிவது றாகமையில், கண்டி வண்டி பிரிவது பொல்காவலையில், மட்டக்களப்பு, திருகோணமலை வண்டிகள் பிரிவது மாஹோவில். அதுவரைக்கும் தண்டவாளம் ஒன்றுதான். உங்கள் வண்டி பின்னால் வருகிறதா, அது எந்த நிலையத்தில் நிற்கும் என்று பரிசோதகரிடம் கேட்டு, பிரியுமிடத்துக்கு முன்பாகவே இறங்கிக் காத்திருந்தால் போதும்.