பெயரின் வாலைப் பிடித்து ஏமாறாதீர்கள்

ஏகாதசியன்று எங்கள் வீட்டில் ஜவ்வரிசியைத் தொடமாட்டார்கள். பெயரிலேயே அரிசி இருக்கிறதாம். மராட்டிய வீடுகளிலோ விரதச் சாப்பாடே ஜவ்வரிசிக் கிச்சடிதான். சேலத்து ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து, அடியில் தங்கும் மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. நெல்லோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் சிலர், 'இது அரிசி இல்லையே' என்று தைரியமாக ஒரு கிண்ணம் சாப்பிடுவது இதற்கு நேரெதிரான தவறு. அதுவும் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான்.

புதிதாக ஒன்று வந்து சேர்ந்தால், தெரிந்த ஒன்றின் பெயரை எடுத்து முன்னால் ஓர் அடைமொழியை ஒட்டிவிடுவது நம் வழக்கம். அடைமொழியை மறந்து வாலை மட்டும் நம்பும்போதுதான் வம்பு. சௌசௌவைச் சீமைக்கத்திரிக்காய் என்றோம். நறுக்கிப் பாருங்கள்: நடுவில் தட்டையாக ஒரே ஒரு விதை, விரலில் காய்ந்து தோலை இழுக்கும் பிசின். பொடிப்பொடியாக விதை நிறைந்த கத்திரிக்காய் எங்கே, இது எங்கே! இது பூசணிக் குடும்பம். கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக இதையும் ஒதுக்குவது வீண். கருஞ்சீரகமும் இப்படித்தான். 'கறுத்த சீரகம்தானே' என்று ரசத்தில் போட்டால் ரசம் கசக்கும்.

காட்டிலும் இதே கதை. முள்ளம்பன்றி, எலிக்கும் அணிலுக்கும் சொந்தமான கொறிவிலங்கு. கழுதைப்புலி கழுதையுமல்ல, புலியுமல்ல. பார்வைக்கு நாய்போல இருந்தாலும் நாயைவிடக் கீரிக்குத்தான் நெருக்கம். 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு 8 சிவிங்கிகள் (ஆங்கிலத்தில் சீட்டா) வந்தபோது, சிறுத்தை வந்துவிட்டதாகப் பலரும் எழுதினார்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் திரிகிற சிறுத்தையை விமானம் வைத்தா கொண்டுவருவார்கள்?

பெயரில் இருக்கும் ஊரையும் நம்பாதீர்கள். வட அமெரிக்கப் பறவையான வான்கோழிக்கு ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்று நம் தலையில் கட்டினார்கள். டச்சுக்காரர்களின் 'கல்கூன்' என்ற சொல்லில் கோழிக்கோட்டின் பழைய பெயரான காலிகட் ஒளிந்திருக்கிறது. போர்ச்சுக்கீசியருக்கு அது 'பெரு'. எந்த ஊரையும் வம்புக்கு இழுக்காத பெயர் நம்முடையதுதான். அந்த அளவில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'பாம்பே டக்' என்பதை மும்பை வாத்து என்று எழுதினால் மீன் பறக்கத் தொடங்கிவிடும். அது மராட்டியர் 'பொம்பில்' என்று காயவைத்து வறுக்கிற மீன். கினிப்பன்றியும் அப்படியே: தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப் பிராணி, கினி நாட்டுக்கும் பன்றிக்கும் தொடர்பே இல்லாதது.

இதற்காக எல்லாப் பெயரையும் சந்தேகிக்கவும் வேண்டாம். நீலகிரியில் வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வரையாட்டை 'ஐபெக்ஸ்' என்று ஒரு காட்டு வெள்ளாட்டின் பெயரால் அழைத்தார்கள். விலங்கியலாளர்கள் நெடுங்காலம் அதை இமயமலையின் 'தார்' என்ற காட்டு ஆட்டோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவை ஒப்பிட்டபோது, அதன் நெருங்கிய சொந்தம் செம்மறியாடு என்று தெரிந்தது. வரை என்றால் மலை; மலைப்பாறையில் வாழும் ஆட்டை மலைவாசிகள் வரையாடு என்றே அழைத்துவந்தார்கள்.