“போன செவ்வாய்” எந்தத் தேதி? பைத்தானில் ஒரு செய்முறை

போச்சம்பள்ளிப் பக்கம் தக்காளி வியாபாரம் செய்யும் என் மாமாவுக்கு, வாட்ஸாப்பில் வரும் லோடு விவரங்களைக் கணக்கில் ஏற்றும் ஒரு சிறு நிரலை எழுதிக் கொடுத்தேன். “போன செவ்வாய் 40 பெட்டி”, “நாளன்னைக்கு விடியக்காலை” என்றுதான் செய்திகள் வரும். தரவுத்தளத்துக்கோ 2024-05-14 என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவம் வேண்டும்.

முதலில், நேற்றுக்கு −1, முந்தாநாளுக்கு −2, நாளன்னைக்கு +2 என ஓர் அகராதி அமைத்து, செய்தி வந்த தேதியுடன் டைம்டெல்டாவால் (நாள் இடைவெளியைக் குறிக்கும் பைத்தான் வகை) கூட்டுங்கள். தேதிச் சொற்களைத் தேதியாக மாற்றும் டேட்பார்சர் நூலகம் தமிழையும் அறியும் என்றாலும், “சந்தை அன்னிக்கு” என்றால் போச்சம்பள்ளியில் ஞாயிறு என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்பதால், சொந்த அகராதியையே நான் விரும்புகிறேன்.

அடுத்தது கிழமை. பைத்தானின் வீக்டே திங்களுக்கு 0, செவ்வாய்க்கு 1 என எண்ணும். செய்தி வந்த கிழமையின் எண்ணிலிருந்து 1 கழித்து, 7ஆல் வகுத்த மீதியை எடுத்து, அத்தனை நாள் பின்னே செல்லுங்கள். 2024 மே 17 வெள்ளி, அதாவது 4, மீதி 3, விடை மே 14. மீதி 0 என்றால் 7 எனக் கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும், ஒருவர் அனுப்பிய “போன” மட்டும் அகராதியில் சிக்கவே இல்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு சொல்லின் நீளத்தை லென் கொண்டு அளந்தேன்: என்னுடைய “போன” 3, அவருடையது 4. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் (ே) துணைக்காலையும் (ா) தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பீட்டுக்கு வேறு. யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையில், செய்திக்கும் அகராதிக்கும் சேர்த்தே, எல்லாவற்றுக்கும் முன்னதாக ஓட்டுங்கள். எழுத்து வடிவங்களைத் தேடும் ரெஜெக்ஸின் சொல் எல்லைக் குறியையும் நம்பாதீர்கள். அது உயிர்க்குறியிலும் புள்ளியிலும் தமிழ்ச் சொல்லை உடைத்துவிடும்.

சர்வர் யூடிசி நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடினால், காலை 5.30க்கு முன் வரும் “இன்று” நேற்றாகப் பதிவாகும். ஆகவே நேர மண்டலங்களுக்கான ஜோன்இன்ஃபோவில் ஆசியா/கொல்கத்தாவைக் குறிப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: “வெள்ளி ராத்திரி 2 மணி” வெள்ளிக்கிழமையிலேயே பதிவாகிறது என்று ராயக்கோட்டை வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். லாரிக்காரர் சொல்வது நாட்காட்டியின்படி சனி அதிகாலை. “ராத்திரி”யுடன் 12 முதல் 3 வரையான மணி வந்தால் ஒரு நாள் கூட்டும்படி திருத்திவிட்டேன். “விடியக்காலை”க்கு இது பொருந்தாது.