பழைய பிக்கப் இன்ஜினை வீட்டிலேயே இறக்கிக் கட்டுவது

புகை தள்ளுகிறது என்பதற்காக மட்டும் இன்ஜினை இறக்கிவிடாதீர்கள். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பாருங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துச் சுற்றவிடுங்கள். வரும் எண்ணை எழுதிவையுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ (சிலிண்டர் மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு) கோளாறு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டோடு முடிகிற வேலைக்கு முழு இன்ஜினை இறக்குவது வீண் பாடு.

இறக்கித்தான் ஆகவேண்டும் என்று முடிவானால், ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டுவது இதில் சுலபமான பாதி. அளப்பதிலும் கழுவுவதிலும் எவ்வளவு பொறுமை காட்டுகிறீர்களோ, அவ்வளவுதான் இன்ஜினின் ஆயுள். நான் கட்டி ஓட்டுவது இரும்பு பிளாக், 4 சிலிண்டர், புஷ்ராட் (வால்வைத் திறக்க உதவும் தண்டு) வைத்த பழைய பெட்ரோல் இன்ஜின். கீழே சொல்வது அதை வைத்துத்தான். உங்கள் இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். அடுத்த இன்ஜினின் அளவு உங்களுக்கு ஆகாது.

கருவிகளில் ஹாய்ஸ்ட்டையும் (இன்ஜினைத் தூக்கும் கிரேன்) இன்ஜின் ஸ்டாண்டையும் வாடகைக்கு எடுக்கலாம். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நல்லதாக இருக்கவேண்டும். பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டையும் ஆயிலையும் வடித்துவிடுங்கள். கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், பூனையும் நக்கிவிடலாம், அது அவற்றுக்கு விஷம். ஒவ்வொரு ஒயருக்கும் ஹோஸுக்கும் சீட்டு ஒட்டிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸை வண்டியிலேயே விடுவதானால் அடியில் முட்டுக் கொடுங்கள். இன்ஜின் சங்கிலியில் தொங்கும்போது அதன் கீழே கையோ காலோ போகக்கூடாது.

ஹெட் போல்ட்டை இன்ஜின் நன்றாக ஆறின பிறகே தளர்த்துங்கள். இறுக்கும் வரிசைக்குத் தலைகீழாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. சிலிண்டரின் மேல் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தடுக்குகிற மேடு இருந்தால், ரிட்ஜ் ரீமரால் அதை எடுத்த பிறகே பிஸ்டனை மேலே தள்ளுங்கள். இல்லாவிட்டால் பிஸ்டனின் ரிங் வரப்பு உடையும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் அதன் கேப்புக்கும் எந்தச் சிலிண்டர், எந்தப் பக்கம் என்று குறியிடுங்கள். கிராங்க்கைப் பிளாக்கோடு பிடிக்கும் மெயின் கேப்களை பிளாக்கில் பூட்டி வைத்துத்தான் தொழிற்சாலையில் கடைந்திருப்பார்கள். அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. ராடு போல்ட் முனைகளில் சின்ன ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகிவிடுங்கள், கிராங்க்கில் கீறல் விழாது.

கழற்றின பேரிங் செல்களை (கிராங்க்கைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடுகள்) தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரிசையாக அடுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நேரம் இதுதான். மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் நாள்பட்ட தேய்மானம், அல்லது ஆயில் போதவில்லை. கோடு கோடாகக் கீறியிருந்தால் ஆயிலில் தூசி. ஒரு செல் மட்டும் ஓரத்தில் தேய்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கலாம், லேத்துக்குப் போகும்போது சொல்லி அளக்கச் சொல்லுங்கள்.

பிறகு அளவு. போரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் கிராங்க்குக்கு நேராகவும் குறுக்காகவும் அளங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்குவாட்டில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்தால் ஹோனிங் (கல்லால் தேய்த்து நுண்ணிய வரி போடுவது) மட்டும் போதும். தாண்டினால் போரிங் போட்டு (துளையைப் பெரிதாகக் கடைந்து) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டும். போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங், வால்வு சீட் ஆகியவற்றை லேத் பட்டறையில்தான் கொடுக்கவேண்டும். அவர்கள் அளந்து சொல்லும்வரை பிஸ்டனும் பேரிங்கும் வாங்காதீர்கள். வாங்கின பிஸ்டனையும் அவர்கள் கையில் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள்.

லேத்திலிருந்து வந்த பிளாக் பளபளவென்றிருக்கும். அந்தப் பளபளப்பை நம்பவே நம்பாதீர்கள். ஹோனிங் கல்லின் பொடி போரின் நுண்ணிய வரிகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ விட்டுத் துடைத்தால் அது முழுதாக வராது. சோப்புக் கரைத்த வெந்நீரும் நார் பிரஷும்தான் வேண்டும். தேயுங்கள், அலசுங்கள், மறுபடி தேயுங்கள். ஆயில் போகும் துளைகளின் பிளக்கைக் கழற்றி, நீளப் பிரஷை இந்த முனையில் விட்டு அந்த முனையில் எடுங்கள். கிராங்க்கின் ஆயில் துளைகளும் அப்படியே. கடைசியில் வெள்ளைத் துணியில் சுத்தமான ஆயிலைத் தொட்டுப் போருக்குள் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி வெந்நீர்தான். வெள்ளையாகவே வந்தால் உடனே காற்றடித்து, ஆயில் பூசி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடுங்கள். வெறும் இரும்பு கண் எதிரிலேயே துருப்பிடிக்கும்.

மாட்டும்போது மெயின் பேரிங்கில் பிளாஸ்டிகேஜ் இழை (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெழுகு போன்ற நூல்) வைத்துப் பாருங்கள். ஜர்னலும் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) செல்லும் ஆயிலில்லாமல் காய்ந்திருக்கவேண்டும். இழையை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்குக்கு இறுக்கி, கிராங்க்கைத் துளியும் சுற்றாமல் கழற்றுங்கள். நசுங்கின அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிடவேண்டும். 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. அளவில் இடைவெளி என்பது பொதுவான கணக்கு; மேனுவல் சொல்வதே முடிவு. இழையைத் துடைத்துவிட்டு, அசெம்ப்ளி லூப் (மாட்டும்போது பூசும் கெட்டி ஆயில்) பூசி இறுக்குங்கள். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். திடீரென்று இறுகினால் கடைசியாகப் போட்ட கேப்பில்தான் பிரச்சினை.

புது ரிங்கை அதன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை அளங்கள். 90 மி.மீ. போருக்கு 0.35 மி.மீ. வாக்கில் இருக்கும். குறைவாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டிப் போரைக் கிழிக்கும். குறியிட்ட பக்கம் மேலே, வாய்கள் ஒன்றுக்கொன்று விலகி, பிஸ்டன் அம்புக்குறி முன்பக்கம் பார்த்து. ரிங் கம்ப்ரசர் போட்டு, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டி இறக்குங்கள். நடுவில் நின்றால் ஒரு தட்டுக்கூட அதிகம் தட்டாதீர்கள். ரிங் விளிம்பில் மாட்டியிருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி போடுங்கள்.

ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, கட்டம் கட்டமாக. ஒருமுறை மட்டுமே பயன்படும் இழுபடும் வகை போல்ட் என்றால் புதிதுதான். டைமிங் குறிகளைச் சேர்த்தபின் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் பிரஷர் வரவேண்டும். என் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுதான் ஆயில் பம்ப்பைச் சுற்றுகிறது. அதைக் கழற்றி, ஒரு கம்பியை டிரில்லில் மாட்டி, பம்ப் சுற்றும் திசையிலேயே ஓட்டினால் கேஜ் ஏறும். புது ஃப்ளாட் டேப்பட் கேம் (தட்டையான அடியுள்ள டேப்பட் வழியாக வால்வை இயக்கும் தண்டு) போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் வாக்கில் 20 நிமிடம் ஓட்டுங்கள். கிராங்க் வாரியடிக்கிற ஆயில்தான் கேமுக்கு உயிர். ஐடிலில் அது போதாது. துத்தநாகச் சேர்க்கை உள்ள பிரேக்-இன் ஆயில் போடுங்கள். பிறகு ரோட்டில் மிதமாக ஏற்றி, கியரிலேயே இறங்கவிட்டு ஓட்டினால் ரிங் சீக்கிரம் உட்காரும்.

முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுப்பாக நுண்ணிய பொடி கொஞ்சம் இருந்தால் பயமில்லை. செதில் செதிலாகவோ செம்பு நிறத்திலோ வந்தால், வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் ஆயில் சம்ப்பை இறக்கி ராடு பேரிங்கிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.