தேசிய சேவைக்குப் பிறகு ரக்பி லீக்: தொழில்முறை ஆட்டக்காரராக விரும்புவோர் செல்ல வேண்டிய வழி

பள்ளி அணிக்காக நான்கைந்து ஆண்டுகள் ரக்பி ஆடிய மகன் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்" என்று சொன்னால், பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த ரக்பி?" என்பதுதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் படாங் திடலிலும் நாம் பார்ப்பது ரக்பி யூனியன். 15 பேர் ஆடுவது, அல்லது எழுவர் ஆடுவது. ரக்பி லீக் அதன் பங்காளி. ஒரே வீட்டில் பிறந்து, பணத் தகராறில் தனிக்குடித்தனம் போன பங்காளி. சனிக்கிழமை ஆட்டத்துக்காக ஆலையிலும் சுரங்கத்திலும் வேலையை விட்டுவரும் ஆட்டக்காரர்கள் இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாததால், 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடபகுதிக் குழுக்கள் தனியே பிரிந்தன. யூனியனோ 1995ஆம் ஆண்டுவரை ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதை வெளிப்படையாக ஏற்கவில்லை. ஆகவே, ஆட்டத்தைப் பிழைப்பாக்கிக்கொள்வதில் லீக்குக்கு நூறாண்டு முன்னனுபவம் உண்டு. சிரமம் என்னவென்றால், அந்தப் பிழைப்பு நடக்கும் ஊர் சிங்கப்பூர் இல்லை.

அது நடப்பது முக்கியமாக இரண்டு இடங்களில். ஒன்று, ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல். 1998இல் தொடங்கிய அதில் 2023 முதல் 17 குழுக்கள் ஆடுகின்றன. பெரும்பாலானவை சிட்னியிலும் குவீன்ஸ்லாந்திலும் இருக்கின்றன, ஒன்று ஆக்லாந்தில் இருக்கிறது. பெர்த் நகரக் குழு ஒன்று 2027இல் சேரும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து மணி நேர விமானப் பயணத் தொலைவில் இருப்பதால் இது நமக்கு நல்ல செய்தி. மற்றொன்று, 1996இல் தொடங்கிய சூப்பர் லீக். லீட்ஸ், விகன், செயின்ட் ஹெலன்ஸ் போன்ற வட இங்கிலாந்து ஊர்களே அதன் தாயகம்.

யூனியன் ஆடியவர் லீக்குக்குப் போகும்போது எதை மறந்து எதைக் கற்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். லீக்கில் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு பிடிகள் கணக்கு; ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலடியில் வைத்துப் பின்னோக்கி உருட்டுவார். தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி நின்று மறுபடியும் முன்னேறி வரும். விழுந்தவர்மேல் குவிந்து பந்துக்குப் போராடும் வேலை இங்கே இல்லை. வரிசை கட்டிப் பந்தைத் தூக்கி எறிவதும் இல்லை. அதனால், யூனியனில் பந்தைப் பறிப்பதையே தன் பலமாக வைத்திருந்த பையன், லீக்கில் முதல் ஆறு மாதம் கைகட்டி நிற்பதுபோல் உணர்வான். ஓடுவது, பிடிப்பது, எழுந்து பின்வாங்குவது, மறுபடியும் பிடிப்பது: இந்தச் சுழற்சிதான் ஆட்டம். நடுவில் ஆடும் ஹூக்கர் 80 நிமிடத்தில் 40 பேரைப் பிடித்து வீழ்த்துவது வியப்புக்குரிய செய்தி அல்ல. நம் தாத்தாமார் ஆடிய சடுகுடுவில், பாடி வருபவரைத் தொடையில் வளைத்துப் பிடித்து இன்னொருவர் தோளில் சாய்க்கும் அந்த இருவர் கூட்டுப்பிடி, லீக் பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பதற்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம். அங்கேயும் பிடியின் நோக்கம் எதிராளி முன்னேறாமல் நிறுத்துவதுதான்.

இதை இங்கேயே பழக ஒரு வழி உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. சிங்கப்பூரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து மாலை வேளைகளில் ஆடும் 'டச்' ஆட்டம், 1960களில் சிட்னியில் லீக் ஆட்டக்காரர்களின் பயிற்சியிலிருந்து வளர்ந்தது. ஆறு தொடுதல்கள், பந்தைத் தரையில் வைத்துக் கால்களுக்கிடையே விட்டு எழுவது, பின்னால் குனிந்து நிற்பவர் அதை அள்ளி வீசுவது, தடுப்பவர் பின்வாங்குவது என்று அதன் எலும்புக்கூடு முழுவதும் லீக்தான். பள்ளி அணியில் 15 பேர் ரக்பியும் வாரம் இரண்டு நாள் டச்சும் ஆடுகிற பையன், உடல் மோதலை ஓரிடத்திலும் லீக்கின் கண்பார்வையை இன்னோரிடத்திலும் கற்றுவிடுகிறான். என்னைக் கேட்டால், இந்த வயதில் ஜிம்மில் கூடுதலாகச் செலவிடும் ஒரு மணி நேரத்தைவிட டச் திடலில் செலவிடும் ஒரு மணி நேரம் பயனுள்ளது.

இனி எல்லாரும் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். சிட்னியில் வளரும் பையன் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான ஹெரால்டு மேத்யூஸ் கிண்ணம், 19 வயதுக்கு உட்பட்டோருக்கான எஸ்ஜி பால் கிண்ணம், 21 வயதுக்கு உட்பட்டோருக்கான ஜெர்சி ஃபிளெக் கிண்ணம் என்று படி ஏறி வருகிறான். குழுக்கள் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்யும் வயது 18 முதல் 20. சரியாக அந்த ஈராண்டில்தான் நம் பிள்ளைகள் முழுநேரத் தேசிய சேவையில் இருக்கிறார்கள். சேவையைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாமே என்று கேட்பவர்கள், ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் சிங்கப்பூருக்குப் பதக்கம் வெல்லக்கூடியவர்களுக்கே அத்தகைய சலுகை அரிதாகக் கிடைத்திருக்கிறது என்பதையும், ரக்பி லீக் ஒலிம்பிக்கில் இல்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ஃபுல்ஹம் காற்பந்துக் குழுவில் ஒப்பந்தம் பெற்ற பென் டேவிசின் விண்ணப்பத்தையே தற்காப்பு அமைச்சு 2018இல் நிராகரித்தது. சேவைக்கு வராமல் வெளிநாட்டில் தங்கிவிடும் யோசனையை வீட்டில் யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கக் கூடாது; பட்டியலிடல் சட்டத்தின்கீழ் 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

ஆகவே, திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். சேவை முடியும் தேதியைத் தாளின் அடியில் எழுதி, அதிலிருந்து மேலே ஏறுங்கள். சேவையில் சேரும் முன்பே உடலுறுதித் தேர்வில் தேவையான புள்ளிகளைப் பெறுபவருக்கு இரண்டு மாதம் குறைந்து 22 மாதத்தில் சேவை முடியும். ரக்பி ஆடும் பையனுக்கு இது எட்டாத காரியம் அல்ல, ஆனால் அலட்சியத்தால் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேவைக் காலத்தில் ஆட்டத் திறன் சற்று மங்கினாலும் உடல் வளர்கிறது. 20 வயதில் வெளியே வருபவர் ஜெர்சி ஃபிளெக்கில் ஓராண்டு நுழையப் பார்க்கலாம். இல்லையென்றால் நேரே பெரியவர்களுக்கான உள்ளூர்ப் போட்டி, அதற்கு மேல் நியூ சவுத் வேல்ஸ் கிண்ணம் அல்லது குவீன்ஸ்லாந்து கிண்ணம் என்ற இரண்டாம் தளம். இந்த இரண்டாம் தளத்தை நம்மவர்கள் மட்டமாக நினைக்கக் கூடாது. லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் பாப்புவா நியூ கினி, 2014இல் தன் ஹன்டர்ஸ் அணியைக் குவீன்ஸ்லாந்து கிண்ணத்தில்தான் சேர்த்தது. மூன்றே ஆண்டில், 2017இல், அந்த அணி கிண்ணத்தை வென்றது. முதல் தளமான என்ஆர்எல்லை மட்டும் குறிவைத்துப் போகிறவர் ஓராண்டில் மனம் உடைந்து திரும்புவார். இரண்டாம் தளத்தை இலக்காக வைத்துப் போகிறவருக்குப் பகலில் ஒரு வேலையும் மாலையில் தரமான பயிற்சியும் கிடைக்கும்.

அங்கே தங்குவதற்கு மாணவர் விசா எளிய வழி. படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். ஆட்டம் கைகூடாவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். 18 முதல் 30 வயதுவரை உள்ள சிங்கப்பூரர்கள் விண்ணப்பிக்கக்கூடிய வேலை-விடுமுறை விசாவும் உண்டு. எந்த வழியில் போனாலும், நீண்டகாலம் வெளிநாட்டில் தங்குவதற்குத் தற்காப்பு அமைச்சின் வெளியேறும் அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். முழுநேரச் சேவையை முடித்த தயார்நிலைப் படைவீரருக்கும் அது பொருந்தும்.

"நம் பிள்ளைகளின் உடல்வாகு இதற்குப் போதுமா?" என்று தாய்மார் கேட்பார்கள். முன்வரிசையில் ஆடும் ப்ராப் இடத்துக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட உடல் வேண்டும். அதற்குப் பசிபிக் தீவுகளின் இளையர்களோடு போட்டியிடுவது வீண். ஆனால் ஹூக்கர், ஹாஃப்பேக், ஃபைவ்-எய்ட்த் ஆகிய இடங்கள் மூளையையும் கையையும் காலையும் கேட்கும் இடங்கள். லீட்சுக்காகவே தன் ஆட்டக்காலம் முழுவதையும் ஆடி எட்டு முறை சூப்பர் லீக் பட்டம் வென்ற ராப் பரோவின் உயரம் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர்தான். ஆஸ்திரேலிய ஹாஃப்பேக் ஜொனத்தன் தர்ஸ்டன் சிறுவயதில் மிகவும் ஒல்லி என்று ஒதுக்கப்பட்டு, பிறகு ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம் பதக்கத்தை நான்கு முறை பெற்றார். தெற்காசிய முகத்துக்கு அங்கே இடமில்லை என்று நினைப்பவர்களுக்கு, 1995இலேயே இங்கிலாந்து அணிக்காக லீக் ஆடிய இக்ராம் பட் என்ற பெயரைச் சொல்லலாம். ஆகவே, பையன் எந்த இடத்தில் ஆடப்போகிறான் என்பதை 16 வயதுக்குள் முடிவு செய்து, உதைப்பதையும் இருபக்கமும் பந்து வீசுவதையும் அதற்கேற்பப் பழக்குவது நல்லது.

ஒப்பந்தப் பேச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் அக்காள் மகனுக்குச் சிட்னியில் தேர்வு ஆட்டம் ஏற்பாடு செய்வதாகச் சொல்லி, இடைத்தரகர் ஒருவர் 3,000 வெள்ளி வாங்கினார். அங்கே போய்ப் பார்த்தால், அது உள்ளூர்க் குழு ஒன்று யாரையும் காசில்லாமல் சேர்த்துக்கொள்ளும் வாராந்திரப் பயிற்சி. உள்ளூர்க் குழுவில் சேர யாருக்கும் தரகு தர வேண்டியதில்லை; பதிவுக் கட்டணமும் காப்புறுதியும் கட்டிவிட்டு நேரே போய் நிற்கலாம். மேல்நிலையை எட்டியபின் ஆட்டக்காரர் சங்கம் ஏற்ற முகவரைத் தேடுங்கள். என்ஆர்எல் குழு ஒவ்வொன்றும் முதன்மைப் பட்டியலில் 30 பேரை வைத்துக்கொள்ளும். அவர்கள் அனைவரின் சம்பளமும் ஒரே உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். அந்தப் பட்டியலுக்குக் கீழே வளர்ச்சி ஒப்பந்தமும் பயிற்சி-சோதனை ஒப்பந்தமும் இருக்கின்றன. நம் பிள்ளை கையெழுத்திடும் முதல் தாள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றாகவே இருக்கும். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்கு முந்தைய நவம்பர் 1 முதல் ஆட்டக்காரர் வேறு குழுக்களுடன் பேசலாம் என்பது விதி. நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டிய நாள் அது. அங்கே சம்பாதிக்கும்போது மத்திய சேமநிதி சேராது. அதற்கு ஈடாக முதலாளி ஓய்வுக்காலச் சேமிப்பில் 12 விழுக்காடு செலுத்துவார். தற்காலிக விசாவில் இருந்தவர் நாடு திரும்பும்போது, வரிபோக அத்தொகையைக் கேட்டுப் பெறலாம்.

தலையில் அடிபடுவதைப் பற்றி வெட்கப்படாமல் பேசிவிடுங்கள். ஆட்டத்தின்போது மூளை அதிர்ச்சி உறுதியானவர் குறைந்தது 11 நாள் ஆடக்கூடாது என்று என்ஆர்எல் வகுத்திருக்கிறது. உள்ளூர்ப் போட்டியில் மருத்துவர் பக்கத்திலேயே இருக்கமாட்டார்; "பரவாயில்லை, ஆடுகிறேன்" என்று சொல்லும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மகள் ஆட விரும்பினால் கதை வேறு. பெண்களுக்கான என்ஆர்எல்டபிள்யூ 2018இல் நான்கு குழுக்களுடன் தொடங்கி வளர்ந்துவருகிறது. பெண்களுக்குத் தேசிய சேவைக் கட்டாயம் இல்லாததால் 18 வயதிலேயே அவர் புறப்படலாம். சகோதரனுக்குக் கிடைக்காத ஈராண்டு அவருக்குக் கிடைக்கிறது.

புறப்படும் மாதமும் முக்கியம். ஆட்டப் பருவம் மார்ச்சில் தொடங்கி அக்டோபர் தொடக்கம்வரை ஓடும். குழுக்கள் நவம்பரிலேயே ஓட்டப் பயிற்சியைத் தொடங்கிவிடும். சேவை ஆகஸ்டில் முடிந்தால், செப்டம்பரில் விசா வேலைகளை முடித்து, தீபாவளிப் பலகாரத்தைச் சாப்பிட்ட கையோடு விமானம் ஏறுவது சரி. பிப்ரவரியில் போய் இறங்குபவர், ஆள் எடுத்து முடித்த அணியின் கோட்டோரத்தில் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பார்.